ஆடியில் நடந்த கல்யாணம்

கல்லு, கரி, கரி, கல்லு, கரி. இது என்ன எழவு, பாதி கல்லு பாதி கரி, இதை எந்தப் பக்கம் போட? பளபளத்தால் கரி, மங்கிக் கிடந்தால் கல். கரியைக் கூடையில் போடு, கல்லை முதுகுக்குப் பின்னால் எறி. இவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் ஜில்லாக் கச்சேரியில் ஒரு வெள்ளைக்காரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி துடைத்து, ஆவுடையம்மாள் என்கிற எனக்கு ஆயுசு பரியந்தம் தீவாந்தரம் என்று தீர்ப்புச் சொன்னான். இதற்குத்தான் கப்பல், வாந்தி, காலில் வளையம் எல்லாம். அரிசியில் பொறுக்கினதை இனிமேல் கரியில் பொறுக்கு என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், அந்த மனுஷன் அவ்வளவு யோசித்திருக்க வேண்டாம். மழை வேறு. ஊரில் மழை வருவதென்றால் சொல்லிவிட்டு வரும், மேற்கே கறுக்கும், மண் வாசனை அடிக்கும், கொடியில் கிடக்கிற சேலையை எடுக்க நேரம் கொடுக்கும். இங்கே அது போனால்தானே வருவதற்கு. நிலக்கரி வெட்டுகிற குழிவாய்க்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டு ஓலை போட்டிருக்கிறார்கள், கரி நனையக் கூடாதாம், கரி பொறுக்குகிற பொம்பளை நனையலாம் போலிருக்கிறது, ஓலை சரியாக எங்கள் தலைக்கு மேல் வந்து முடிகிறது, சொட்டு சொட்டாக நடுவகிட்டில் விழுகிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற மோதி கல்கத்தாப் பக்கத்துக்காரி. அவள் பாஷையில் எனக்குத் தெரிந்தது தண்ணீர், சோறு, உட்காரு, செத்துப் போ. என் பாஷையில் அவளுக்குத் தெரிந்தது சனியனே. அதைச் சொன்னால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், ஆசையாகக் கூப்பிடுகிறேன் என்று நினைப்பு. திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே. திட்டினால் சுருக்கென்று தைக்க வேண்டும், முகம் மாற வேண்டும், பதிலுக்கு ஒன்று வர வேண்டும். இந்தத் தீவில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அவன் இப்போது கீழே குழிக்குள் இருக்கிறான், அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. கல்லு, கரி, கரி.

இன்னும் அந்த முடிச்சு வரவில்லை. ஒவ்வொரு கூடைக் காதிலும் ஒரு துணிக்கிழிசல் கட்டி வரும், கீழே வெட்டுகிறவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு முடிச்சு அடையாளம். கூடையில் கரியைவிடக் கல் கூடுதலாக இருந்தால் கிழிசலைப் பார்த்து ஆளைப் பிடித்துச் சாயங்காலம் பிரம்படி. எங்களுக்கு உத்தரவு, அந்த மாதிரிக் கூடையைத் தள்ளி வைத்து ஜமேதாரைக் கூப்பிட வேண்டும். எனக்குப் பேச்சு இல்லாத அந்தச் சூசையின் முடிச்சு எனக்குத் தெரியும். வலை பொத்துகிறவன் போடுகிற முடிச்சு, இழுத்தால் இறுகிக்கொள்ளும், வாலைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். அவன் கூடையில் எப்போதும் கல்தான் கூடுதல். மணப்பாட்டுக் கடலில் கிடந்தவனுக்கு இருட்டில் எது கரி எது கல் என்று என்ன தெரியும்? நான் ஜமேதாரைக் கூப்பிடுவதில்லை. இரக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஜமேதார் ராம்தீன் பக்கத்தில் வந்து நின்றால் கடுகெண்ணெய் வாடை தாங்காது, அதனால்தான். கல்லை அள்ளி வீசிவிட்டு அடுத்த கூடையை இழுத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு அந்த முடிச்சை எத்தனை தரம் அவிழ்க்கிறேன், ஒவ்வொரு தரமும் ம், இருக்கிறான் சவத்துப்பயல் என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான், கோழி அடைந்ததா என்று பார்க்கிற மாதிரி. இன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். காய்ச்சல் என்றால் கொட்டடியில் படுக்க விடுவார்களா, விட மாட்டார்கள், விடியும்போது வரிசையில் போனானே, பின்னங்கழுத்தைப் பார்த்தேனே. நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

சக்கரம் நின்றுவிட்டது. கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற மாதிரி, கூடையை மேலே இழுக்க ஒரு பெரிய மரச்சக்கரம், மாட்டுக்குப் பதில் கைதிகள். அவர்கள் கையை எடுத்துவிட்டு மழையில் நிற்கிறார்கள், மாடு நிற்கிற மாதிரியே, எதையும் பார்க்காமல். ராம்தீன் குழிக்குள் எட்டிப் பார்க்கிறான். அவனும் கைதிதான், யாரையோ கழுத்தை நெரித்துவிட்டு வந்தவன், ஒழுங்காக இருந்தான் என்று கையில் பிரம்பைக் கொடுத்து ஜமேதார் ஆக்கிவிட்டார்கள். திரும்பி எங்களைப் பார்த்து, "பானி" என்கிறான். கீழ்க்குழியில் தண்ணீர் வந்துவிட்டதாம். ஏதோ சோற்றுக்கு உப்பு இல்லை என்கிற மாதிரி. வருவதுதான், மழைக்காலத்தில் எங்கேயாவது ஒரு சுவர் கசிந்து பொத்துக்கொண்டு தண்ணீர் வரும், வேலை நிற்கும், ஆட்கள் ஏணியைப் பிடித்து ஒவ்வொருத்தராக மேலே வருவார்கள், சிலசமயம் ஒருத்தன் ரெண்டு பேர் வர மாட்டார்கள், மறுநாள் அந்தக் கிழிசல் வராது, அந்த இடத்தில் வேறு முடிச்சு வரும். மோதி எழுந்துவிட்டாள். "பைட்டோ, பைட்டோ" என்று ராம்தீன் பிரம்பை ஆட்டுகிறான், உட்கார்ந்து இருக்கிற குவியலைப் பொறுக்குங்கள் என்று அர்த்தம். பொறுக்குகிறோம், பொறுக்குகிறோம், உன் தலையிலா கொட்டப் போகிறோம். கரி, கல்லு, கரி. அவனுக்கென்ன, மீன்காரன், தண்ணீரிலேயே பிறந்தவன். ஆனால் கடலில் முங்கினவன் மேலே வந்தால் வானம் இருக்கும். குழியில் மேலே என்ன இருக்கும்? மேலேயும் கரிதான்.

அவனைக் குழியில் போட்டதே அநியாயம். முதலில் அவன் கரியைக் கப்பலில் ஏற்றுகிற கும்பலில் இருந்தான், கடற்கரையில், வெயிலில், அவனுக்குப் பிடித்த வேலை. எவனோ ஒரு மலையாளத்தான் படகை எடுத்துக்கொண்டு ஓடிப்போனான், அவனைப் பிடிக்க முடியவில்லை, உடனே துரைக்கு ஞானம் பிறந்து, படகு தள்ளத் தெரிந்தவன் எல்லாரையும் குழிக்குள் இறக்கு என்றுவிட்டார். நீந்தத் தெரிந்தது குற்றம். அதற்கு முன்னால்தான் எங்களுக்குள் பேச்சு இருந்தது. சாயங்காலம் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்து வரிசையிலிருந்து சூசை, "ஏ தங்கச்சி, நீ எந்தப் பக்கம்?" என்றான். நான் இந்தத் தீவுக்கு வந்து தமிழே கேட்காமல் இருந்த காலம். காதுக்குள் யாரோ வெந்நீர் ஊற்றின மாதிரி இருந்தது. அதற்காக இளித்துக்கொண்டு நிற்க முடியுமா? "எந்தப் பக்கமா இருந்தா உமக்கு என்னவே, பொண்ணா எடுக்கப் போறீரு?" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் கஞ்சி சிந்திவிட்டது. "சாத்தான்குளத்துப் பக்கந்தான். வாயைப் பாத்தாலே தெரியுதுல்லா" என்றான். அன்றைக்கு ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. சரியாகத் திருப்பித் திட்டுகிற ஒருத்தன் கிடைத்துவிட்டான்.

அவன்தான் சேதி கொண்டுவர ஆரம்பித்தான். கரி ஏற்ற வருகிற கப்பலில் தூத்துக்குடிப் பக்கத்து லஸ்கர்கள் உண்டு, கயிறு இழுக்கிற பயல்கள், அவர்களிடம் கேட்டுவைக்கிறேன் என்றான். உன் மகள் பேரென்ன? பிரமு. எங்கே விட்டுவிட்டு வந்தாய்? நாத்தனார் வீட்டில். என் கொழுந்தன் குலுக்கையிலிருந்த நெல்லை அள்ள வந்து, தடுத்தவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து, நான் கைக்கு அகப்பட்ட அம்மிக்குழவியை எடுத்து ஒரே போடு போட்ட அன்றைக்குப் பிரமு வாசலில் உட்கார்ந்து ஓலைக்கொட்டானில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். விழுந்த பல் இன்னும் முளைக்காத வயசு. அப்பன் அதற்கு முந்தியே காலராவில் போய்விட்டான். என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது நாத்தனார் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், பிள்ளை அழவில்லை, வாயைத் திறந்து பல் போன இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்குமேல் தெரிந்ததெல்லாம் சூசை சொன்னது. பிரமுவுக்கு அம்மை போட்டு இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், முகத்தில் தழும்பு இல்லை. அப்பாடா. பிரமு சடை போட்டுக்கொள்ளுகிறாள். கிணற்றில் விழுந்த வாளியை அவளே பாதாளக்கரண்டி போட்டு எடுத்தாள், நம் பக்கத்துக் கிணறு என்ன ஆழம், அதில் அவளே எடுத்தாளா? ஆமாம், அவளேதானாம். எப்படி இருக்கிறாளாம்? "உன்னை மாதிரிதான், வாய் ஜாஸ்தியாம், நாத்தனாக்காரி அழுதுக்கிட்டுத் திரியுதாளாம்." இதை நான் அப்படியே நம்பினேன். மற்றதை நம்பினதைவிட இதைத்தான் நம்பினேன். கரி பொறுக்கும்போது தனியாகச் சிரிப்பேன், மோதியும் கூடச் சிரிப்பாள், எதற்கென்று அவளுக்கு என்ன தெரியும்.

ஒருத்தன் வந்துவிட்டான். ஏணியிலிருந்து கை தெரிகிறது, தலை தெரிகிறது, சீனாக்காரன், இடுப்புவரை சேறு. அடுத்தவன் பீகார்க்காரன். அடுத்தவனும் சீனாக்காரன். வந்து மண்ணில் மல்லாந்து விழுந்து வாயைத் திறந்து மழையைக் குடிக்கிறார்கள். கேட்கலாம், அவன் எங்கே என்று கேட்கலாம், எந்தப் பாஷையில் கேட்க, என்ன உறவு என்று கேட்க? பானையை வைக்கிறோமே, அடியில் வைக்கோலைத் திரித்து வட்டமாக, பானை உருளாமல் இருக்க, அதற்கு என்ன பேர்? சும்மாடு, இல்லை, சும்மாடு தலையில் வைப்பது. தரையில் வைப்பது. கையில் வருகிறது, வட்டம் தெரிகிறது, என் சமையல்கட்டில் மூன்று கிடந்தது, பேர் வரவில்லை. கொஞ்ச நாளாக இப்படித்தான், ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது, சொல்லாத பேரெல்லாம் வாயை விட்டுப் போய்விடும் போலிருக்கிறது. போனால் போகட்டும், இங்கே பானை ஏது? ஆனால் போனால் யாரிடம் கேட்பேன்? அவனிடம் கேட்டிருக்கலாம். ஏய், பானைக்கு அடியில் வைப்பது என்னவே என்று கேட்டால் அவன் ஒரு கிண்டல் அடித்துவிட்டுச் சொல்லியிருப்பான். இன்னொருத்தன் ஏறி வருகிறான், அவனும் இல்லை. பிரிமணை. பிரிமணை, பிரிமணை, அதுதான். வந்துவிட்டது, சொல்ல ஆளில்லை.

ஆடி என்று அவன் ஏன் சொன்னான்? வருஷக்கணக்காக எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் கஞ்சிச் சிரட்டையை வைத்துவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி தொண்டையைச் செருமி, "தங்கச்சி, சந்தோசமான சங்கதி. உம் மவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டு" என்றான். எப்போ என்றேன். "போன ஆடியில. செம காத்தாம், பந்தல் ஒரு பக்கமாத் தூக்கிட்டுப் போயிட்டாம், வந்தவனெல்லாம் ஓலையைப் பிடிச்சிக்கிட்டே சாப்பிட்டானாம்." ஆடியிலா? "ஆமா, ஆடியிலதான்." அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான், மூக்குத்தி, வெற்றிலை, பாயசம். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. எங்கள் ஊரில் ஆடியில் நாய்க்குக்கூடக் கல்யாணம் பண்ண மாட்டார்கள். புதிதாகக் கட்டினவளையே ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள், அந்த மாசத்தில் போய் எவன் தாலி கட்டுவான்? என் நாத்தனார் எப்பேர்ப்பட்ட பொல்லாதவளாக இருந்தாலும் ஆடியில் பந்தல் போட மாட்டாள். இவன் வேதக்காரன், கோயில் மணி அடித்து வளர்ந்தவன், தவக்காலத்தில் தாலி கட்டக் கூடாது என்று இவனுக்குத் தெரியும், ஆடி இவனுக்கு வெறும் காற்று. அங்கேதான் மாட்டிக்கொண்டான். எந்த லஸ்கரும் எதையும் சொல்லவில்லை. எந்தக் கப்பலும் சாத்தான்குளத்திலிருந்து வரவில்லை, எப்படி வரும், அங்கே கடலா இருக்கிறது? நான் எழுந்து, "இனிமே எங்கிட்டப் பேசாதீரும்" என்றேன். "என்ன தங்கச்சி? என்ன சொல்லிட்டேன் இப்போ?" என்று கேட்டான். அவனுக்குப் புரியவேயில்லை. நானும் சொல்லவில்லை. வாயில் கஞ்சியோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அப்புறம் பல நாள் வரிசையில் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் குழிக்குள் போய்விட்டான்.

கல்யாணம் பொய் என்றால் போகட்டும். கல்யாணம் இல்லையென்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம், குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. ஆனால் அது மட்டுமா பொய்? வாளி பொய். சடை பொய். அம்மை? அம்மை இறங்கியது பொய். அப்படியானால் அம்மையே போடவில்லையா, இல்லை போட்டு இறங்கவே இல்லையா? இங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு நாளும் இங்கேதான், செக்கைச் சுற்றுகிற மாதிரி. அவன் சொல்லியிராவிட்டால் அம்மை என்ற நினைப்பே எனக்கு வந்திருக்காது. போடாத அம்மையை அவனே போட்டான், அவனே இறக்கினான், நான் அவன் வாயை மூடினதும் இறக்கினது போய்விட்டது, போட்டது மட்டும் நின்றுவிட்டது. என் பிள்ளை அங்கே அம்மையோடு வேப்பிலையில் கிடக்கிறது, தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பைத்தியக்காரி, கிடக்கவில்லை, ஒன்றும் இல்லை, அது ஒரு மீன்காரன் கஞ்சி வரிசையில் நின்று அவிழ்த்துவிட்டது. தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று? நிஜமான பிரமு வாசலில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், பல் முளைக்கவில்லை, வளரவில்லை. வளர்ந்தவள் அவன் கொண்டுவந்தவள்தான். இரக்கப்பட்டிருக்கிறான். எனக்கு யாராவது இரக்கப்பட்டால் உடம்பெல்லாம் எரியும். யார் கேட்டது? என் பிள்ளையை வளர்க்க இவன் யார்? இவனுக்கு ஒரு பிள்ளை இருந்ததா, பெண்டாட்டி இருந்தாளா, கேட்டேனா நான்? ஒருநாளும் கேட்கவில்லை. என் மகள் என்ன சொன்னாள் என் மகள் என்ன செய்தாள் என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டேன். தினம் நான் கேட்பேன் என்று அவன் பகலெல்லாம் கரி சுமந்துகொண்டு யோசித்திருக்க வேண்டும், இன்றைக்குப் பிரமுவை என்ன செய்யச் சொல்லலாம் என்று. வாளியை விழ வைக்கலாமா, எடுக்க வைக்கலாமா. என்னிடமிருந்து போனாள் என்றால் அவனிடமிருந்தும்தானே போனாள்.

ஏய், என்ன இது, கரியை எறிந்துகொண்டிருக்கிறேன். கல்லெல்லாம் கூடையில் கிடக்கிறது. மோதி என் கையைப் பிடிக்கிறாள், விடுடி சனியனே என்கிறேன், அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஏணியில் யாரும் வரவில்லை இப்போது. ராம்தீன் தலையை எண்ணுகிறான், விரலை மடக்குகிறான், துரையிடம் சொல்ல ஆள் அனுப்புகிறான். துரை வந்து என்ன செய்வார், குடை பிடித்துக்கொண்டு நிற்பார். அவன் போய்விட்டான் என்றால் இந்தத் தீவில் பிரமு என்கிற பேரைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் ஒருநாள் பிரிமணையைத் தேடின மாதிரி அந்தப் பேரைத் தேடுவேன். கையில் வட்டம் தெரியும், பேர் வராது. யாரிடம் கேட்பேன்? மோதியிடமா? கடைசியாக நான் தமிழில் ஒரு மனுஷனிடம் சொன்னது பேசாதீரும் என்று. அதுவே கடைசியாக இருந்துவிட்டால்? அப்புறம் சாகிறவரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், திட்டுவதும் நானே, முகம் சுருங்குவதும் நானே. குழியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வர மாட்டான். பார்க்காவிட்டால் மட்டும் வந்துவிடுவானாக்கும். பார்க்கிறேன். கறுப்பு. ஊரில் கிணற்றில் எட்டிப் பார்த்தால் அடியில் நம் தலை தெரியும், இதில் அதுவும் தெரியவில்லை.

கயிறு ஆடுகிறது. ராம்தீன் கத்துகிறான், சக்கரத்துக்காரர்கள் ஓடிவந்து கை போடுகிறார்கள், மரம் முனகுகிறது, ஏதோ கனமாக வருகிறது, கனமாகத்தான் வருகிறது, உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கனம் ஒன்றுதான். கூடை வருகிறது. கூடைக்குள் ஒருத்தன் கால் ஒடிந்து கிடக்கிறான், யாரோ வடக்கத்தியான், அலறுகிறான். கூடையின் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வெளியே இன்னொருத்தன். தலையிலிருந்து கால்வரை ஒரே சேறு, கண் மட்டும் வெள்ளை. பின்னங்கழுத்து. அவன்தான். சனியன் பிடித்தவன். ஒடிந்தவனை இறக்கிவிட்டு, இருமி, கறுப்பாகத் துப்பி, ஓலைக்கு அடியில் வந்து, என் கரிக்குவியலுக்குப் பக்கத்தில், இடம் வேறில்லாத மாதிரி, உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்க்கவில்லை. பேசாதே என்று சொன்னால் இப்படியா பேசாமல் இருப்பான் ஒருத்தன்?

"ஏ சூசை."

திரும்பினான்.

"ஆடியில எந்தக் கிறுக்கன்வே கல்யாணம் வைப்பான்?"

அவனுக்கு நான் எந்தப் பாஷையில் பேசுகிறேன் என்றே தெரியவில்லை போல. கண்ணைத் துடைத்தான், துடைத்ததில் இன்னும் சேறானது.

"எங்க ஊர்ல வைப்போம். ஆடிக்காத்துக்கு வலை எடுக்க முடியாது, எல்லாவனும் கரையில கிடப்பான்..." சட்டென்று நிறுத்தினான். "அதுக்கா? இம்புட்டு நாளும் அதுக்கா பேசாம இருந்த?"

"எங்க ஊர்ல வைக்க மாட்டோம். தைன்னு சொல்லும்."

"தங்கச்சி, அது வந்து, நான்..."

"நீர் சொன்னதெல்லாம் என்னன்னு எனக்குத் தெரியும். தைன்னு சொல்லும்."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்திருந்தால் கையிலிருந்த கல்லால் அடித்திருப்பேன். இல்லை. திருடப்போன இடத்தில் உட்காரச் சொல்லிச் சோறு போட்டால் விழிப்பானே, அப்படி விழித்தான்.

"தையில" என்றான். "தையிலதான்."

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

அவன் வெளியே மழையைப் பார்த்தான். ராம்தீன் எங்களைப் பார்த்துப் பிரம்பை ஓங்கிக்கொண்டு வருகிறான், வரட்டும், வந்து சேர நேரமாகும்.

"களக்காடு."

"களக்காடா? அம்புட்டுத் தூரத்துலயா கொண்டு தள்ளுனா எங்க நாத்தனா?"

"வேணும்னா பக்கத்துல வச்சிக்கிடுவோம்."

"வேண்டாம். களக்காடே இருக்கட்டும். தண்ணி உள்ள ஊரு."